மூணு டப்பா சன்னியாசி

வா கண்ணு, உக்காரு. ஸ்மார்ட்போனைத் தலைமுழுகிட்டு பெங்களூர்ல இருந்து வந்திருக்கேன்னு உங்க ஆயா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. பேரன் சன்னியாசம் வாங்கிட்டான்னு எனக்கும் பெருமைதான். ஆனா ராத்திரி நீ சார்ஜ் போட்ட அழகைப் பார்த்தேனே! நெட்டு புடிக்க ஒரு டப்பா, பாட்டு கேக்க ஐபாட் டச்சுன்னு ஒரு டப்பா, அது ரெண்டுக்கும் கரண்டு குடுக்க ஒரு பவர் பேங்க். மூணுக்கும் மூணு ஒயர். வீட்டுல இருக்கற பிளக் பாயிண்டையெல்லாம் நீயே புடிச்சுக்கிட்டா உங்க ஆயா மிக்ஸியை எங்க சொருகுவா? ஒண்ணைத் துறக்கறேன்னு போனவன் மூணோட திரும்பி வர்ற சன்னியாசத்தை இப்பத்தான் பாக்கறேன்.

தப்புன்னு சொல்லல. கெழவனுக்கு என்ன தெரியும்னும் நெனைக்காதே. தொலைபேசி இலாகாவுல லைன்மேனா இருந்து, தொப்பூர் கணவாய் வரைக்கும் கம்பம் ஏறி எறங்குனவன் நான். நீ என்னமோ புதுசா கண்டுபுடிச்ச மாதிரி நெஞ்சை நிமுத்தறே. இது பழைய கூத்துடா. 2007-ல ஆப்பிள்காரன் ஐபோனை விட்டான், அதே வருசம் ஐபாட் டச்சையும் விட்டான். பாக்க அண்ணன் தம்பி கணக்கா இருக்கும். தம்பியில சிம் போட எடம் மட்டும் கெடையாது. அமெரிக்காவுல 2011 வரைக்கும் ஐபோன் வேணும்னா ஏடி அண்ட் டி கம்பெனி வாசல்லதான் நிக்கணும். 2009-ல நோவாடெல்னு ஒரு கம்பெனி சட்டைப்பையில அடங்கற மைஃபை நெட்டு டப்பாவை விட்டுச்சு. சில கில்லாடிங்க அதையும் ஐபாட் டச்சையும் சோடி சேத்து, ஐபோன் இல்லாமலே ஐபோன் குடித்தனம் நடத்துனாங்க.

இங்க அந்தக் கூத்து வந்து சேர 2016 ஆச்சு. அந்த வருசம் செப்டம்பர் 5-ந் தேதி ஜியோ வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீ அப்ப காலேஜு. அந்த சிம்முக்கு 4ஜி போன்தான் வேணும். பழைய 3ஜி போன்ல போட்டா பேச்சு மூச்சு இருக்காது. போன் மாத்தக் காசு இல்லாதவனுக்குத்தான் 1,999 ரூபாய்க்கு ஜியோஃபைன்னு ஒரு டப்பா. சிம் அதுக்குள்ள போயிடும். பழைய போன்ல ஜியோ4ஜிவாய்ஸ்னு ஆப்பை ஏத்திட்டா, வைஃபை வழியாவே ஊர்ல இருக்கற எந்த நம்பருக்கும் பேசலாம், மெசேஜும் வரும். உங்க சின்ன மாமன் அப்படித்தான் ஆறு மாசம் ஓட்டுனான். டேட்டா அப்ப ஓசி, மார்ச் மாசம் வரைக்கும். ஒரு டப்பாவுல பத்துப் பேர் கோத்துக்கலாம்னு தெரிஞ்சதும், மாமன் வீட்டுத் திண்ணையில நம்ம தெருப் பசங்க மொத்தமும் குந்திக்கிட்டானுங்க. பின்மூடியைக் கழட்டினா உள்ள ஒரு ஸ்டிக்கர்ல பாஸ்வேர்டு அச்சடிச்சு இருக்கும். மாமன் அதை நகத்தால சுரண்டி எடுத்துட்டான்! கருநெல்லிக் கனி கெடைச்சும் தான் திங்காம அவ்வைக்குக் குடுத்தவன் அதியமான். அவன் கோட்டை இருந்த மண்ணுல பொறந்துட்டு, ஒரு பாஸ்வேர்டைக் குடுக்க மனசு வரல பாரு.

சரி, உன் கதைக்கு வர்றேன். உன் டப்பாவுல பாட்டு வருது, படம் வருது, நெட்டும் வருது. வராதது எதுன்னு நேத்து டீக்கடையில பாத்தோமில்ல? க்யூஆர் அட்டைக்கு முன்னாடி அந்த ஐபாடைக் காட்டிக்கிட்டு நீ நின்ன கோலம், கோயில் வாசல்ல செருப்பைத் தொலைச்சவன் கோலம். யூபிஐ உன் மொகத்தைக் கேக்கலடா, உன் சிம்மைக் கேக்குது. ஆப்பை மொதல்ல பதியறப்ப அந்த மிசின்ல இருந்தே ஒரு எஸ்எம்எஸ் போவணும். பேங்குல குடுத்த நம்பர்ல இருந்து போனாத்தான் கதவு தெறக்கும். உன் சிம் வேற டப்பாவுல ஒறங்குது. ரெண்டு டீ, ரெண்டு வடைக்கு நான்தான் காசு குடுத்தேன். பெங்களூர் சம்பளக்காரனுக்குக் கெழவன் பென்சன்ல வடை!

வாட்ஸ்ஆப் கதை இன்னும் வேடிக்கை. ஐபாட் டச்சுக்கு அந்த ஆப்பே கெடையாது. பிரவுசர்ல கோத்துக்கலாம்னு நீ ஒரு வழி சொன்னே. கோத்துக்கலாம், ஆனா மூலப் போனை 14 நாளைக்கு மேல தொடாம விட்டா எல்லாத்தையும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திடும். அதனாலதான் பையோட அடியில, துண்டு சுத்தி, அந்தப் பழைய ஸ்மார்ட்போனை ஒளிச்சு வெச்சிருக்கியா? ஆயா கிட்ட சொல்லல, பயப்படாதே.

ஓடிபி கூத்தையும் பாத்தேன். மெசேஜு சிம் இருக்கற நெட்டு டப்பாவுக்குள்ள போய் விழுது. அதைப் படிக்க, ஐபாடுல பிரவுசரைத் தெறந்து, நூத்தித் தொண்ணூத்து ரெண்டு புள்ளி நூத்தி அறுபத்தெட்டுன்னு ஏதோ அட்ரஸைத் தட்டி, பேரு பாஸ்வேர்டு போட்டு, இன்பாக்ஸைத் தேடற. நீ கண்டுபுடிக்கறதுக்குள்ள ஓடிபி காலாவதி. கெணத்துல விழுந்த வாளியை எடுக்கறவன்கூட உன்னைவிட சீக்கிரம் எடுத்துடுவான்.

இதுல சிரிக்கக் கூடாதது ஒண்ணும் இருக்கு. அந்த ஐபாடுல 108 அடிக்க முடியாது. ஜிபிஎஸ்ஸும் அதுல கெடையாது. பக்கத்துல இருக்கற வைஃபையை வெச்சுத்தான் நீ எங்க இருக்கேன்னு குத்துமதிப்பாச் சொல்லும். தொப்பூர் எறக்கத்துல லாரி கவுந்து கெடக்கறதை நம்ம எத்தனை தரம் பாத்திருக்கோம்? ராத்திரி அந்த வழியா பைக்குல வர்றவன், ரெண்டு டப்பாவையும் பத்த வெச்சு, வைஃபை சேரட்டும்னு ரோட்டோரம் காத்துக்கிட்டு நிப்பியா? நிக்கற நெலமையில இருந்தாத்தானே?

அதுக்காக எல்லாத்தையும் தூக்கிப் போடுன்னு சொல்வேன்னு பாக்கறியா? அதான் இல்ல. உன் ஏற்பாட்டுல ஒரே ஒரு நல்ல சங்கதி இருக்கு, அது உன் கண்ணுக்கே படல. நெட்டு டப்பாவோட பொத்தானை அமுக்கிப் புடிச்சா, வெளக்கு செவப்பா எரியும், மினுக்கும், அப்புறம்தான் சிக்னல் புடிக்கும். அதுக்கு ஒரு நிமிசம் ஆவுது. போனுக்கும் உனக்கும் நடுவுல அந்த ஒரு நிமிசம் இருந்ததில்ல. பாக்கெட்டுல கைய வுட்டா நெட்டு இருந்துச்சு. இப்ப எழுந்து போய் பத்த வெக்கணும். அந்த நேரத்துல, எதுக்குப் பத்த வெக்கறோம்னு பாதி நாள் மறந்தே போவும். நீ என்னடான்னா அதை அணைக்காம, பவர் பேங்க்ல கோத்து, ராவெல்லாம் தலைமாட்டுல எரிய விடறே! போர்வைக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சுதே, போன்ல ஓடுன அதே ரீல்ஸ்தானே அங்கயும் ஓடுச்சு?

நான் சொல்றபடி செய். உன் நெசமான நம்பரை ஒரு பட்டன் போன்ல போடு. பேச்சு, ஓடிபி, 108 எல்லாம் அதுக்குள்ள. காசு அனுப்பணும்னா 2022 மார்ச்சுல இருந்து பட்டன் போனுக்கும் யூபிஐ 123பே இருக்கு. ஒரு நம்பருக்கு அடிச்சு, அது கேக்கறதுக்குப் பதில் சொல்லி அனுப்பலாம். கொஞ்சம் மெதுவாத்தான் நடக்கும், நடக்கட்டுமே. பெரிய தொகைன்னா பேங்குக்கு நட. நெட்டு டப்பாவுக்கு டேட்டா மட்டும் இருக்கற வேற சிம் வாங்கி, அதை அணைச்சு அட்டாலி மேல வை. ஏணி போட்டு ஏறி எறக்கற அளவுக்கு வேலை இருந்தா எறக்கு. ஐபாடுல பாட்டை ரொப்பிக்கோ, ஹெட்போன் ஓட்டை இன்னும் இருக்கற சாமான் அது, வீணாக்காதே. ஆனா ரொம்ப நம்பாதே. 2019-ல வந்ததுதான் கடைசி மாடல், 2022-ல விக்கறதையே நிறுத்திட்டான், ஐஓஎஸ் 15-ஐத் தாண்டி அது ஏறாது. ஆப்பு ஒவ்வொண்ணா சொல்லாமக் கொள்ளாம விலகும்.

பட்டன் போன்னதும் மூஞ்சி சுருங்குது. என் போனைப் பாரு, மூலை தேஞ்சு, அஞ்சாம் நம்பர் அழிஞ்சு, ரப்பர் பேண்டு போட்டு நிக்குது. உன் டப்பா ரெண்டும் கண்ணாடி ஒட்டி, கவர் மாட்டி மினுங்குது. தொண்டைமான் ராசாவும் இப்படித்தான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். மயில்பீலி சூட்டி, நெய் பூசி, பளபளன்னு அடுக்கி வெச்சிருந்தானாம். அதியமானுக்காகத் தூது போன அவ்வை பாத்துட்டு, இங்க எல்லாம் அழகா இருக்குது, எங்க ஆளோடது நுனி ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குதுன்னு புகழ்ற மாதிரியே புகழ்ந்து காலை வாரிட்டு வந்தா. புறநானூத்துல 95-ம் பாட்டு, பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. நம்ம ஊரு நக்கலுக்கு ஆத்தாளே அவதான்டா, என்னைத் திட்டி பிரயோசனம் இல்ல.

நாளைக்குத் தேய்பிறை அஷ்டமி. காலபைரவர் கோயிலுக்குப் பூசணிக்காய் வெளக்கு போட சனம் குவியும், பஸ்ஸு நகராது. இன்னைக்கே தருமபுரி போய் பட்டன் போனை வாங்கிட்டு வந்துடு. காசா? எனக்குத் தெரியும், உன் காசெல்லாம் யூபிஐக்குள்ள கெடக்கும். இந்தா, புடி. வட்டியெல்லாம் வேணாம், பாஸ்வேர்டை மட்டும் சொல்லிட்டுப் போ. சாயங்காலம் வரைக்கும் டப்பா சும்மாத்தானே கெடக்கும், நானும் உங்க ஆயாவும் ஒரு படம் பாத்துக்கறோம்.