கதிர்காமத்தம்

என் பெயர் தமிழில் 9 எழுத்து, ஆங்கிலத்தில் 16. வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்த புதிதில் கணக்குத் திறக்கப் போனேன். தந்த ஆங்கிலப் படிவத்தில் பெயருக்கு 14 கட்டம். கதிர்காமத்தம்பி என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போக, கடைசி இரண்டு எழுத்தும் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டன. சில கிழமை கழித்து வந்த கடிதத்தில் நான் 'கதிர்காமத்தம்' ஆகியிருந்தேன். அறையில் என்னோடு இருந்த பெடியள் ஆறு மாதம் என்னைத் 'தம்' என்றே கூப்பிட்டார்கள். சிகரெட்டைத் தொட்டும் பார்க்காதவனை!

அதோடு பெயரை வெட்டினேன். வெள்ளவத்தையில் நாற்பது வருடமாக நான் கே.ரி. மீன்காரனுக்குக் கே.ரி. ஐயா, மருமகப்பிள்ளைகளுக்குக் கே.ரி. மாமா. ஏதோ ரீவி கம்பனியின் பங்குதாரர் மாதிரி ஒரு மிடுக்கு.

அந்தப் பெயர் எனக்கு வந்த வழியைச் சொன்னால் வெட்கக்கேடு. அம்மம்மா கதிர்காமக் கந்தனுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பேரன் நான். யாழ்ப்பாணத்திலிருந்து பாதயாத்திரைக்காரரோடு சேர்ந்து, காட்டுக்குள்ளாலும் கடற்கரையாலும் நாட்டின் தலையிலிருந்து கால் வரைக்கும் நடந்தாளாம் கிழவி. அவள் வெறுங்காலோடு நடந்து கொண்டுவந்த பெயரை நான் ஒரு பேனையால் ஒரு நிமிடத்தில் இரண்டு எழுத்தாக்கினேன்.

கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போகிற நாளில் மட்டும் இது கொஞ்சம் குத்தும். பொன்னம்பல முதலியார் கட்டிய கோயில். மகன் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். அவரும் தம்பி அருணாசலமும் வெள்ளைக்காரனிடம் 'சேர்' பட்டமே வாங்கினார்கள். ஆனால் பெயரின் முன்னுக்கு நின்ற பொன்னம்பலத்தைக் கைவிடவில்லை. அருணாசலம் பதிவாளர் நாயகமாக இருந்தவர், 1901 குடிசன மதிப்பீட்டை நடத்தியவர். கட்டம் போதாவிட்டால் கட்டத்தைக் கூட்டு என்றிருப்பார். நான் என்னைக் குறைத்துக்கொண்டேன்.

குறைத்ததோடு நின்றேனா? மகன் பிறந்தபோது மொத்தப் பழியையும் தீர்த்தேன். எண்பதுகளின் கடைசி. ஜ, ஷ, ஸ, ஹ நான்கில் ஒன்றாவது இல்லாவிட்டால் அது பெயரென்றே மதிக்கப்படாத காலம். எண்சாத்திரக்காரர் ஒருவருக்குக் காசும் கொடுத்து வாங்கினேன். முழுப்பெயரையும் இங்கே எழுதினால் மகன் கோபிப்பான். 'ஷன்' என்று முடியும் என்பதோடு விடுகிறேன். அவன் வகுப்பு இடாப்பில் நிரோஷன், பிரோஷன், டிரோஷன், டினோஷன் என்று ஒரு பட்டாளமே இருந்தது. ஆசிரியர் கூப்பிட்டால் வால் மட்டும் காதில் விழுந்து பாதி வகுப்பு எழும்பி நிற்குமாம். எட்டு வயதில் கேட்டான், "அப்பா, என்ர பெயருக்கு என்ன கருத்து?" வெற்றி என்றேன். பத்து வயதில் திரும்பவும் கேட்டான். முன்பு சொன்னதை மறந்துபோய், ஒளி என்றேன். அவன் மறக்கவில்லை.

இப்போது அவனுக்கும் ஒரு மகன்.

இந்த இடைவெளியில் உலகம் திரும்பிவிட்டதை நான் கவனிக்கவில்லை. எங்கள் தொடர்மாடி லிஃப்டில் இப்போது ஏறி இறங்குவது ஆதிரை, கயல், மாறன், பாரி. சங்க காலம் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறது. பாரி முன்பள்ளிக்குப் போகமாட்டேன் என்று லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு குளறுகிறான். முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் பெயரை வைத்துக்கொண்டு, தன் மூன்றுசில்லுச் சைக்கிளைத் தங்கச்சிக்கு ஐந்து நிமிடம் கொடுக்கமாட்டான். பக்கத்து வீட்டில் ஒரு வள்ளியம்மை வந்திருக்கிறாள், வயது ஒன்றரை. அவளுடைய பூட்டியின் பெயராம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதுதான் கதை. 2018இல் ஆர்தர் என்ற பெயர், 1920களுக்குப் பிறகு முதல் தடவையாக அங்கே முதல் பத்துக்குள் வந்தது. எனக்குக் கணக்கு இப்படிப் படுகிறது: அப்பாவின் பெயர் பழசு, தாத்தாவின் பெயர் கிழடு, பூட்டனின் பெயர் புத்தம் புதுசு. ஊறுகாய் மாதிரித்தான், ஊறுகிற காலத்தில் ஒருவரும் மூடியைத் திறக்கமாட்டார்கள். என் மனைவி ஓர் ஈஸ்வரி. முன்னால் பரமவோ மகாவோ யோகவோ, எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். கலியாண மண்டபத்தில் "ஈஸ்வரி" என்று கூப்பிட்டால் ஒரு வரிசையே திரும்பும். அந்தச் சாடிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைச் சிநேகிதர் ஒருவர், கத்தோலிக்கர். அவருடைய தகப்பன் சவரிமுத்து. இவர் நாகரிகமாகச் சேவியர். மெல்பேர்னில் மகன் தன் பிள்ளைக்குச் சாவி என்று வைத்திருக்கிறான், பார்சலோனா பந்துக்காரனின் பெயர் என்று. மூன்றும் ஒரே சவேரியார்தான் என்று தெரிந்தபோது மனிதர் அழுதாரோ சிரித்தாரோ, தொலைபேசியில் பிடிபடவில்லை. நல்லவேளை, எங்கள் ஊரில் பூட்டுக்குப் போடுவது திறப்பு.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 31ஆம் நாள் துடக்குக் கழிவு. பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். முதற் சண்டை பஞ்சாங்கத்தில் வந்தது. நாங்கள் வாக்கியம், சம்பந்தி வீடு திருக்கணிதம். எங்கள் கணக்கில் பிள்ளை மிருகசீரிடம், அவர்கள் கணக்கில் திருவாதிரை. மிருகசீரிடத்துக்கு வே, வோ, கா, கி. திருவாதிரைக்குக் கு, க, ங, ச. 'ங'வில் பெயர் வைத்த தகப்பனை நான் இன்னும் சந்திக்கவில்லை. கடைசியில் ககர வரிசை இரண்டு வீட்டுக்கும் பொது என்று சமாதானமானோம்.

மருமகள் கைபேசியிலிருந்து நிமிர்ந்தாள். "கதிர் எண்டு வைப்பம் மாமா. சின்னப் பெயர், நல்ல தமிழ், கருத்தும் இருக்கு. நெற்கதிரும் கதிர், சூரியக் கதிரும் கதிர்."

எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மம்மா நடந்த தூரமெல்லாம் கண்முன்னே வந்தது. பெருந்தன்மையோடு, "என்ர பெயரை வைக்கத்தான் வேணுமெண்டில்லைப் பிள்ளை..." என்று தொடங்கினேன்.

அவள் மகனைப் பார்த்தாள். மகன் கூரையைப் பார்த்தான்.

"உங்கட பெயரோ மாமா? அது கதிர்காமமெல்லோ. இது கதிர்."

"அதுக்குள்ளதானே இது இருக்கு!"

"ஓம் மாமா. ஆனா அது கொஞ்சம் பழைய பெயர்."

மனைவிக்குச் சிரிப்பு அடங்கக் கனநேரம் பிடித்தது. அடங்கின பிறகு கேட்டாள், "அடுத்தது பெட்டையெண்டால் ஈஸ்வரியெண்டு வைப்பமே?" மருமகள் தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனாள்.

38ஆம் நாள் இரவு மகன் சாப்பாட்டு மேசையில் படிவத்தை நிரப்பினான். பிள்ளையின் பெயர்: கதிர். மூன்று எழுத்து, கண் மூடித் திறக்க முன் முடிந்தது. மிச்ச இடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு தகப்பன், தாய் எல்லாம் எழுதிக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்றான். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விபரமும் வேண்டும்.

"இதில கே.ரி. எண்டு போடேலாதப்பா. முழுப்பெயர் கேக்கிறாங்கள்."

"போடு."

எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி எழுதினான். ஏற்கெனவே ஊரின் பெயரும் ஆண்டும் அந்த வரியில் பாதியைப் பிடித்திருந்தன. கடைசி 'பி' ஓரத்துக் கோட்டைத் தாண்டி வெளியே நின்றது. வேறு படிவம் எடுத்து எழுதட்டோ என்று கேட்டான்.

"வெட்டாதை," என்றேன். "நிக்கட்டும்."