பெரிய கிராணியின் காடி விற்பனைக்கு

ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கம் எந்தப் பழைய தோட்டத்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். வயது எண்பதை ஒட்டியிருக்கும். ஆனாலும் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் விடாமல், கோழி கூவுமுன் முகம் கழுவி, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு தயாராகிவிடுவார். பெரட்டுக்களத்தில்தான் ஆளில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயம் போய்த் தாமான் வந்துவிட்டது. மிச்சமிருப்பது கிராணியும், கொட்டகையில் நிற்கும் மோரிஸ் மைனரும். அதுவும் சாதாரண மோரிஸ் அல்ல. சீமைக்குத் திரும்பிய சின்னத்துரையிடம் வாங்கிய, துணிக்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடும் மோரிஸ்.

ரோட் டெக்ஸ் முடிகிற மாதம் வந்தால், "காடியைத் தள்ளிவிடப் போறேன்" என்று அறிவிப்பார். வீட்டு அம்மா உடனே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவார். வாஷிங் மெஷினை அங்கே மாற்றுவதென்று பல தீபாவளியாகத் திட்டம்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஏறிப் போகிற வண்டிதான் பதவி. துரைக்கு லேண்ட் ரோவர், கிராணிக்குக் காடி, தண்டலுக்கு சைக்கிள், வெட்டுக்காரருக்குக் கால். தோட்டத்தில் கல்யாணமென்றால் கிராணி பெருந்தன்மையோடு கூரையை மடக்கி மாப்பிள்ளையை ஏற்றிக்கொள்வார். கதவை மட்டும் மாப்பிள்ளை சாத்தக் கூடாது, அடித்துச் சாத்துவார்களாம்.

வாங்க வருகிறவருக்கு முதலில் கோப்பி, பிறகு வகுப்பு. 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனரை அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்ததில் தொடங்குவார். மாதிரி வண்டி ஒல்லியாகத் தெரிகிறதென்று அதை நடுவே வெட்டி 4 அங்குலம் அகட்டிய கதை வரும். பானெட்டின் நடுவில் ஓடும் பட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்வார்: "இதுதான் தம்பி, வெட்டின தழும்பு." முதலாளி நஃபீல்டு பிரபு இதை முட்டையென்று பழித்ததையும், அந்த முட்டை 16 லட்சத்துக்கு மேல் பொரித்ததையும் சொல்லும்போது, தானே விற்றுக் கொடுத்தவர்போல் நிமிர்ந்து உட்காருவார். வளைவில் விளக்கு மின்னாது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். அதை மூன்று முறை நீட்டிக் காட்டுவார்.

அடுத்து விசாரணை. "கொட்டாய் இருக்கா? தகரமா, ஓடா? டுரியான் ஏத்துவியா? வாடை துணியில ஏறினா பத்து வருஷம் போகாது."

பாதி விலைக்குக் கேட்ட செகண்ட் ஹேண்ட் காடிக் கடைத் தவுக்கே கோப்பியோடு சரி. கோலாலம்பூர்க்காரர் ஒருவர் கேட்ட விலையை அப்படியே தருவதாகச் சொல்லி அதைவிடப் பெரிய அவமானம் செய்தார். "பேரம் பேசாதவன் காசைப் பார்க்காதவன். காசைப் பார்க்காதவன் காடியைப் பார்ப்பானா?" போதாததற்கு, தன்னிடம் கூரை திறக்கிற ஃபோர்டு மஸ்டாங் இருப்பதாகவும் அவர் சொல்லிவிட்டார். "அமெரிக்கக் காடி பெட்ரோலைக் குடிக்கும் தம்பி. மோரிஸ் மோந்துதான் பார்க்கும்."

கடைசியில் சிரம்பான் பையன் ஒருவன் தேறினான். பானெட்டைத் திறந்ததும் கார்பரேட்டரைப் பார்த்து, கேட்காமலேயே "எஸ்யூ" என்று சொன்னான். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முன்பணம் கைமாறியது. புஸ்பாகோம் சோதனையும் முடிந்தது; அங்கேயும் கிராணிதான் ஓட்டினார்.

ஜேபிஜே முகப்பில், பெயர் மாற்ற இயந்திரத்தில் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள். கிராணி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். சம்பள நாள் தவறாமல் மசிப்பெட்டியை நீட்டி, மற்றவர் பெருவிரலைப் பிடித்துச் செக்ரோலில் அழுத்திய மனிதர்! "தம்பி, கையெழுத்துக் கேக்கச் சொல்லு, எத்தனை வேணும்னாலும் போடறேன். என்னைப் போய்க் கைநாட்டு வைக்கச் சொல்றாங்களே?"

பையன் எவ்வளவோ விளக்கினான். தானும் வைக்கத்தான் போகிறேன் என்றான். அதைக் கேட்டதும் கிராணிக்கு அவன் மேலிருந்த மரியாதையும் குறைந்துவிட்டது.

முன்பணத்தை ஒரு வெள்ளி குறையாமல் எண்ணித் திருப்பிக் கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்கு ரசீது எழுதி, தேதி போட்டு, பையனிடம் பேனாவை நீட்டிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.