கணக்கு சொல்லிக்குடுத்துத் தொலைச்சிடாதீங்க, மாஸ்டர்!

வாங்க மாஸ்டர், இந்தப் பலகையில உக்காருங்க. பிளேன்டீக்குச் சீனி போடச் சொல்லட்டா? வேணாமா? நல்ல பழக்கம், சீனி விக்கிற வெலைக்கு. பசறைப் பக்கம் புதுசா ஒரு கணக்கு மாஸ்டர் வந்திருக்காருன்னு கேள்விப்பட்ட நாள்ல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. சந்தோஷத்துலன்னு நெனச்சிடாதீங்க, பயத்துல.

வயசுல மூத்தவன், சொல்றதைச் சொல்லிடுறேன். தமிழ் சொல்லிக்குடுங்க, சமயம் சொல்லிக்குடுங்க, சித்திரம் கீறப் பழக்குங்க, வேணும்னா கரப்பந்தும் அடிக்க வைங்க. யாருக்கும் ஒரு சேதமும் இல்ல. இந்தக் கணக்கை மட்டும் புள்ளைக மண்டையில ஏத்திடாதீங்க. அதனால எத்தனை பேர் பொழப்பு கெடும்னு உங்களுக்குத் தெரியல. நீங்க பதுளை டவுன்காரர், பாவம்.

மொதல்ல கொழுந்து மடுவத்துத் தராசைப் பாருங்க. சாக்கு நிறை, தண்ணி நிறைன்னு நிறுவைக்கு ரெண்டு கிலோ கழிச்சா நம்ம பொம்பளைக "போகட்டும்"னு கூடையைத் தூக்கிட்டு நெரைக்குப் போயிடுவாங்க. எவ்வளவு அமைதி பாருங்க. இப்ப நீங்க பெருக்கலைச் சொல்லிக்குடுத்தீங்கன்னா ஒரு பொடிச்சி வந்து நிப்பா. "நாளைக்கு ரெண்டு நிறுவை, 4 கிலோ. மாசத்துல 25 நாள், 100 கிலோ. 100 கிலோ கொழுந்துல 21, 22 கிலோ தூள் எறங்குது. அப்ப எங்கம்மா மாசாமாசம் அவ்வளவு தூளை யாருக்குத் தாத்தா சீர் குடுக்குறா?"ன்னு கேப்பா. நான் தேயிலை ஸ்டோர்ல காலம் தள்ளின ஆளு. அந்த 21, 22 சரியான கணக்குதான். ஆனா அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

அப்புறம் சம்பளம். 2021ல நாள் சம்பளம் 1,000 ரூவா ஆச்சு. 2024 செப்டெம்பர்ல அது 1,350. நூத்துக்கு 35 கூடியிருக்குன்னு மாலை போட்டோம், பட்டாசு கொளுத்தினோம். அந்த 35ஐ மனசுல வச்சிக்குங்க, பின்னால அதுக்கு வேலை இருக்கு. கணக்குத் தெரியாத வரைக்கும் சங்கக் கூட்டம் ரொம்ப நல்லா நடக்கும். கணக்குத் தெரிஞ்ச ஒருத்தன் உள்ள வந்தான்னு வைங்க, "2021ல ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூவா, 1,000 ரூவான்னா 5 டொலர். 2024ல டொலர் ஏறக்குறைய 300 ரூவா, 1,350ன்னா நாலரை டொலர். கூடினது எங்கண்ணே?"ன்னு கேட்டுப்புடுவான். மைக்கைப் பிடிச்சிருக்கிறவர் நெலமையை யோசிங்க. அவருக்கும் குடும்பம் இருக்குல்ல?

சேமலாப நிதி இன்னும் மோசமான எடம். 25 நாள் வேலை, அந்த 1,350ன்னா 33,750. அதுல நம்மகிட்ட புடிக்கிறது நூத்துக்கு 8, அதாவது 2,700. தோட்டம் போடணும் நூத்துக்கு 12, அது 4,050. இது போக நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூத்துக்கு 3, ஆயிரத்துப் பன்னெண்டரை ரூவா. தரம் 8 புள்ளை அம்மாவோட சம்பளத் துண்டை வச்சிக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல போட்டுடும். போட்டா என்ன செய்யும்? கணக்குக் கூற்றைக் கேக்கும். கூற்றுல பணம் விழுந்திருக்கான்னு தேடும். பழைய ஆளுக யாராச்சும் தேடினோமா? நாங்க கணக்கு கேக்காமப் பழகின சனம். எங்க பாட்டன் காலத்துல "துண்டு"ன்னு ஒரு கடதாசி. அதுல இவன் இவ்வளவு கடன்னு எழுதியிருக்கும். இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா அந்தக் கடனை அந்தத் தோட்டம் கட்டி ஆளை எடுக்கும். எழுதினவர் எழுதினதுதான் கணக்கு. 1921ல சட்டம் போட்டு அதை நிப்பாட்டினாங்க. கடதாசிதான் போச்சு மாஸ்டர், அடுத்தவன் போடுற கணக்குக்குத் தலையாட்டுற பழக்கம் போகல.

அதனாலதான் கிழமைக் கடன், மாசக் கடன்னு மோட்டார் சைக்கிள்ல வர்ற தம்பிமாரு நம்ம லயத்தைத் தேடி வர்றாங்க. 20,000 ரூவா கடன், வருஷத்துக்கு நூத்துக்கு 24 வட்டின்னு சிரிச்ச மொகமாச் சொல்லுவாங்க. வட்டி 4,800, முதலும் சேர்த்து 24,800. பன்னெண்டாப் பிரிச்சா மாசம் 2,067. நல்லாத்தானே இருக்குன்னு நெனப்போம். ஆனா பதினோரு மாசம் கட்டி முடிச்ச பொறகு கைவசம் நிக்கிற முதல் எவ்வளவு? ரெண்டாயிரத்துக்குக் கிட்ட. அப்பவும் முழு 20,000க்கும் வட்டி ஓடுது. கொறைஞ்சு வர்ற முதலுக்குன்னு ஒழுங்காப் போட்டுப் பாத்தா அந்த 24 நாப்பதைத் தாண்டிப் போகும். இந்த ஒத்தைக் கணக்கைப் பத்துப் பதினஞ்சு பொம்பளைகளுக்குச் சொல்லிக்குடுத்துட்டீங்கன்னா அந்தத் தம்பிமாரு மோட்டார் சைக்கிளுக்கு பெற்றோல் எப்படி அடிப்பாங்க? ஈவு இரக்கம் வேணும் மாஸ்டர்.

நீங்க சிரிக்கிறீங்க. சரி, பரீட்சைக்கு வருவோம். ஓ.எல்.ல கணக்கு போச்சுன்னா ஏ.எல். கதவுல பூட்டு. ஆறு பாடம் சித்தி வேணும், அதுல தாய்மொழியும் கணக்கும் கட்டாயம், மூணு பாடத்துல திறமைச் சித்தி வேணும். கணக்கு போன புள்ளை என்ன செய்யும்? கொழும்புல கடைக்குப் போகும், இல்லன்னா கார்மென்ட்டுக்கு. கொழும்புக் கடை மொதலாளிமாருக்கு நாம செய்யிற உபகாரம் அது. 13 வருஷ உத்தரவாதக் கல்வின்னு ஒண்ணு இருக்கு, ஓ.எல். போனாலும் தொழில் பாடம் படிக்கலாம்னு அவங்ககிட்ட சொல்லித் தொலைக்காதீங்க.

இன்னொரு ரகசியமும் வெளிய விடக் கூடாது. கணக்கு வினாத்தாள் ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் 100, மொத்தம் 200. ரெண்டால பிரிச்சா 35 எடுத்தவன் சித்தி. அதாவது 200ல 70. மொதத் தாள்ல ஏ பகுதியில 25 சின்னக் கேள்வி, ஒண்ணுக்கு ரெண்டு புள்ளி. அதுல இருபதைச் சரியாச் செஞ்சா 40 வந்துருச்சு. மிச்சம் கெடக்குற 150ல 30 பொறுக்கினா போதும். நம்ம புள்ளைகளுக்கு இதை யாரும் இப்படிப் போட்டுக் காட்டுறதில்ல. "கணக்கு கஷ்டம், உனக்கு வராது"ன்னு தரம் 6லயே காதுல ஓதி வச்சிட்டோம். ஓதின ஆளுகள்ல வாத்தியாருங்களும் உண்டு, கோவிச்சிக்காதீங்க. சம்பளம் நூத்துக்கு 35 கூடினதுக்குப் பட்டாசு விட்டோமே, நம்ம புள்ளை 35 எடுத்தா ஒரு வெடி கூடப் போட மாட்டோம்.

பாடப் புத்தகத்தையும் இப்படித்தான் ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு. 1980ல இருந்து அரசாங்கம் சும்மா குடுக்குது. தொலைஞ்சா கல்வி வெளியீட்டுத் திணைக்களத்து இணையத்துல தமிழ்லயே எறக்கிக்கலாமாம், என் பேத்திதான் காட்டினா. மகரகமையில இருக்குற தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டியைப் போட்டு வச்சிருக்கு. அதுல பாடத்தை எப்படி ஆரம்பிக்கணும், புள்ளைகளைக் குழுவாப் பிரிச்சு என்ன செய்ய விடணும்னு எல்லாம் எழுதியிருக்காம். ஈ-தக்சலாவன்னு கல்வி அமைச்சோட தளம் ஒண்ணு. ஜியோஜீப்ரான்னு இன்னொண்ணு இருக்கே, வட்டத்தைக் கீறி விரலால இழுத்தா கோணம் எல்லாம் மாறுது, வட்டத் தேற்றம் மட்டும் மாறாம நிக்குது! அன்னைக்கு ராத்திரி பேத்தி எனக்கு அதைக் காட்டினப்போ நான் சோத்தை மறந்துட்டேன். சிக்னல் இல்லன்னு சாக்குச் சொல்ல ஏலாது மாஸ்டர். டவுனுக்குப் போற அன்னைக்கு எறக்கி வச்சிக்கிட்டு, போனுக்குப் போன் மாத்தி விடலாம். பழைய பாட்டெல்லாம் லயம் பூரா அப்படித்தான் சுத்துது. அதுவே சுத்தும்போது கடந்தகால வினாத்தாள் சுத்தாதா?

அப்புறம் இந்த மலை. இதை யாரும் இறக்குமதி செய்ய வேணாம். ஒரு பாகைமானி, ஒரு நூல், நூல் நுனியில ஒரு கல்லு, மை தீர்ந்த பேனைக் குழாய் ஒண்ணு. சாய்வுமானி ஆச்சு. அதைக் கண்ணுல வச்சு நமுனுகுல உச்சியைப் பாத்தா ஏற்றக்கோணம் கெடச்சிடும். அதோட ஒசரம் புத்தகத்துல போட்டிருக்கு. நம்ம பள்ளிக்கூட முத்தம் எந்த ஒசரத்துல நிக்குதுன்னு தெரிஞ்சா, மிச்சத்தைத் தான்சன் பாத்துக்கும். தேயிலை நட்டிருக்கிற வரிசை நாலடி, செடிக்குச் செடி ரெண்டடின்னா ஒரு செடிக்கு 8 சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு ஏக்கருல 5,445 செடி நிக்கணும். போய் எண்ணட்டும், எத்தனை செத்துக் கெடக்குன்னு அவங்களே சதவீதம் போடட்டும். முப்பது பொம்பளைக எடுத்த கொழுந்து நிறையை எழுதி வகுப்பாயிடையாப் பிரிச்சா அதுதான் மீடிறன் பரம்பல். இடை கண்டுபிடிக்கச் சொல்லுங்க. ரெண்டாந்தாள்ல வர்ற கேள்வி நம்ம மடுவத்துலயே கெடக்கு.

தெமோதரைக்குக் கூட்டிட்டுப் போங்க, தூரமில்ல. அங்க ரயில் மலையைச் சுத்தி எறங்கி, தான் நின்ன ஸ்டேஷனுக்கே அடியில சுரங்கத்துல நுழைஞ்சு போகுது. ஏன்? இந்த மலைநாட்டு ரயில் 44 அடி ஓடினாத்தான் ஒரு அடி எறங்கலாம், அதுக்கு மேல சரிவு ஆகாது. 100 அடி எறங்க 4,400 அடி தண்டவாளம் வேணும். நேரா எறங்க எடமில்ல, அதனால வளைச்சுப்புட்டாங்க. சாய்வுக் கோணம் போட்டுப் பாத்தா 1.3 பாகைதான் வரும், புள்ளைக நம்ப மாட்டாங்க. இதுக்கு ஒரு கதையும் உண்டு. எப்படி எறக்குறதுன்னு தெரியாம எஞ்சினியர் முழிச்சிட்டு நின்னாராம். தோட்டத்துக் கங்காணி ஒருத்தர் தலைப்பாகையை அவுத்துத் திரும்பக் கட்டுறதைப் பாத்துத்தான் வழி புரிஞ்சுதாம். நெசமோ பொய்யோ, எஞ்சினியர் பேரை எழுதி வச்சிருக்காங்க, கங்காணி பேரைக் காணோம். கணக்கு நம்ம தலையில இருந்திச்சு, கடதாசியில இல்ல. அதான் வெனை.

கணக்கு படிச்சா என்ன உத்தியோகம்னு அப்பன்மாரு கேப்பாங்க. அப்ப வாயை மூடிக்குங்க. நில அளவையாளர் ஆகலாம், அதுக்குப் படிக்கிற நிறுவகம் இதே பதுளை மாவட்டத்துல, தியத்தலாவையில இருக்குன்னு சொல்லிடாதீங்க. 1823ல இருந்து 200 வருஷம் காடு வெட்டின சனத்துக்கு வீடு கட்ட 7 பேர்ச், 10 பேர்ச்சுன்னு காணி அளந்து குடுக்குறாங்க. ஒரு பேர்ச்சு 272 சதுர அடியும் கால். ஏழு பேர்ச்சு 1,906 சதுர அடிக்குக் கிட்ட. அளக்குற ஆளு நம்ம புள்ளையா இருந்துட்டா எல்லைக்கல்லு எங்க விழும்னு யாராவது யோசிச்சீங்களா? அதே மாதிரி, பதுளையில இருந்து பசறைக்கு பஸ் வர்ற அதே ரோட்டுலதான் ஊவா வெல்லஸ்ஸ கெம்பஸ் நிக்குது. 2005ல தொறந்தது. அங்க தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டம் குடுக்குறாங்க. கொழுந்து பறிக்கிறவ மகள் தினம் பஸ்ல அதைத் தாண்டி டவுனுக்குப் போய் வர்றா, எறங்கிப் பாத்ததில்ல.

ஒரு விசயத்தை மட்டும் கேலி இல்லாமச் சொல்றேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயத்தோட சனத்தை மூடிச்சு. மழைமானியில எத்தனை மில்லிமீற்றர்னு வாசிக்கிறதும், 24 மணித்தியாலத்துல அது எவ்வளவு கூடினா எழும்பி ஓடணும்னு தெரியிறதும் கணக்குதான். எங்க மலையில அதை வாசிக்கப் பத்து வயசுப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணும்.

ராமானுஜன் கதையைச் சொல்லப்போறீங்களா? சொல்லுங்க, ஆனா பாதியை விட்டுடாதீங்க. அந்த மனுஷன் கணக்குல புலி, மத்தப் பாடத்துல கோட்டை விட்டு கல்லூரிப் பரீட்சையில தோத்தவர். 1912ல சென்னைத் துறைமுகத்துல மாசம் 30 ரூவாய்க்குக் கணக்கு எழுதுற வேலைக்குச் சேர்ந்தார். நம்ம தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதிரின்னு வச்சிக்குங்க. நம்ம புள்ளைக நேர் எதிர், எல்லாத்துலயும் சித்தி, கணக்குல மட்டும் போச்சு. தோத்தாலும் கணக்குப் போடுறதை அவர் விடலன்னு சொன்னா, ரெண்டாந்தரம் எழுதப் போற பையனுக்குக் கொஞ்சம் தெம்பு வரும். மேதைன்னு மட்டும் சொன்னா "அது அவருக்கு"ன்னு கொட்டாவி விடுவான்.

இப்ப உங்க கதை. இடமாற்றத்துக்கு எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு பள்ளிக்கூடத்துல பேச்சு. தப்பில்ல. ரோடு மோசம், அட்டை கடிக்குது, டவுன்ல பின்னேரம் டியூஷன் வச்சா நல்ல சல்லி. உங்களுக்கு முன்னால வந்தவங்களும் இந்தப் பலகையிலதான் உக்காந்து பிளேன்டீ குடிச்சாங்க. கணக்கு மாஸ்டர் நடு வருஷத்துல போயிட்டா அந்த வருஷம் தரம் 11க்கு என்ன ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க, உங்க பாடந்தானே.

அதனால கடைசியா ஒரு வேண்டுகோள். இடமாற்றக் கடதாசியை இப்பக் கிழிக்கச் சொல்லல. இந்தத் தடவை ஓ.எல். பரீட்சை முடியட்டும். அது வரைக்கும் சனிக்கிழமை பின்னேரம் மடுவம் சும்மாதான் கெடக்கு, கேட்டா தருவாங்க, கேக்குறது என் வேலை. தரம் 10, 11 புள்ளைக ஒரு பக்கம், கடன் துண்டோட வர்ற அம்மாமாரு இன்னொரு பக்கம். தராசு அங்கேயே தொங்குது. நீங்க வெண்கட்டி மட்டும் கொண்டு வாங்க.