ஐந்தாறு வெள்ளியில் விருந்து

கேள்வி: சிங்கப்பூர் போகிறேன். கையைக் கடிக்காமல் உள்ளூர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

பதில்: நேரே உணவங்காடி நிலையத்துக்குப் போங்கள். மேக்ஸ்வெல்லில் ஹைனானிய சிக்கன் ரைஸ், தேக்காவில் பிரியாணி. ஐந்தாறு வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில், வயிறு நிறையும். கோழிச்சாற்றில் வெந்த அந்தச் சோற்றைக் குழம்பு தேடாமல், மிளகாய்ச் சட்னியோடு சாப்பிடுங்கள். அபாரம்! எந்தக் கடை என்று குழம்பினால் நீளமான வரிசையில் போய் நில்லுங்கள். உள்ளூர்க்காரர் நாக்கைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. 2020-இல் யுனெஸ்கோவே இந்த உணவங்காடிப் பண்பாட்டைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் தொடாதீர்கள். நம்மூர் பஸ் ஜன்னல்வழி சீட்டில் விழும் துண்டுக்கு உள்ள அதே அதிகாரம் அதற்கும் உண்டு. சாப்பிட்டதும் தட்டை நீங்களே திருப்பி வைக்கவேண்டும். 2021 முதல் அது கட்டாயம், மீறினால் அபராதம்கூட வரலாம்.