குதிமுள் காசு, சாவுக் காசு, கச்சேரிக் காசு

தேவாலயக் கொயரின் பாட்டைக் கேட்டு உருகி, "இந்தா, பாட்டுக்கு வைத்துக்கொள்" என்று தானாகவே பையை அவிழ்த்தவர்கள் உலக வரலாற்றில் சொற்பம். மாட்டிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் சாவு விழுந்து கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுச் சீமாட்டி கொடுத்துவிட்டாளே என்று கொடுத்திருக்கிறார்கள். பாட்டுக்காக மட்டும் கொடுத்தார்களா என்று கேட்டால் கணக்குப் புத்தகம் இருமுகிறது.

ஆகவே ஐரோப்பாவில் கொயர் நடத்தியவர்களுக்கு இரண்டு வித்தை தெரிந்திருக்க வேண்டியிருந்தது. ஒன்று சுருதி. இன்னொன்று, எந்தச் சாக்கைச் சொன்னால் எதிராளியின் பை திறக்கும் என்பது.

போப்பாண்டவரையே பிற்காலத்தில் தூங்கவிடாமல் செய்த மார்ட்டின் லூதர், பள்ளிப் பையனாக இருந்தபோது வாசல் வாசலாகப் பாடி ரொட்டி வாங்கித் தின்றவர். நம் ஊர் உஞ்சவிருத்திதான். தம்பூரா கிடையாது, பனி உண்டு. ஜெர்மனியில் ஏழை மாணவர்கள் இப்படிக் கூட்டமாகப் பாடிப் பிழைப்பது ஊரறிந்த ஏற்பாடு. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், கிராமத்து வீடு ஒன்றின் முன்னால் லூதரும் தோழர்களும் பாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து ஒரு குடியானவர், "எங்கேடா இருக்கீங்க, பசங்களா!" என்று இடிக்குரலில் கத்திக்கொண்டு வந்தார். எடுத்தார்கள் ஓட்டம். மனிதர் கையில் இருந்தது தடியல்ல, அவர்களுக்குக் கொடுப்பதற்கான சாஸேஜ். திரும்பக் கூப்பிட்டுக் கெஞ்சித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. லூதர் இதைப் பெரியவரானபின் இறையியல் பாடமாகவே நடத்தினார்: கடவுளும் அப்படித்தான், குரல்தான் முரடு, கையில் பண்டம் இருக்கும். கொயர் பொருளாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு: நன்கொடையாளர் கத்தினாலும் நின்ற இடத்தைவிட்டு அசையாதே.

இங்கிலாந்துப் பையன்கள் அசையவில்லை. வழியையே மறித்தார்கள். குதிரையில் வந்த பிரபுக்கள் குதிகாலில் மாட்டிய முள்ளோடு அப்படியே கோயிலுக்குள் நுழைவார்கள். 'கிணிங் கிணிங்' என்ற அந்தச் சத்தம் ஜெபத்தைக் கெடுக்கிறதாம். கொயர்ப் பையன்கள் பாய்ந்து போய் அபராதம் வசூலிப்பார்கள். 'குதிமுள் காசு' என்றே அதற்குப் பெயர். ஏழாம் ஹென்றி மன்னரின் கைச்செலவுக் கணக்கிலேயே இந்தத் தண்டம் ஏறியிருக்கிறது. ஜெபத்தைக் கெடுத்தது குதிமுள்ளா, அதைத் தேடி அலைந்த பையன்களா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள்.

பிரபுக்களுக்கும் ஒரு தப்பும் வழி இருந்தது. "இருப்பதிலேயே சின்னப் பையனைக் கூப்பிடு, ஸ்வர வரிசையைப் பாடச் சொல்" என்று கேட்கலாம். பையன் தடுமாறினால் காசு கிடையாது. நெப்போலியனையே வென்ற வெலிங்டன் பிரபு இந்த விதியைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியனிடமிருந்து தன் சில்லறையைக் காப்பாற்றிக்கொண்டார் என்று ஒரு கதை. வாட்டர்லூவைவிட இது சிக்கனமான வெற்றி.

லைப்சிக் நகரத்தில் குதிமுள்ளை நம்பிப் பிழைக்கவில்லை, பிணத்தை நம்பினார்கள். தோமையார் பள்ளி மாணவர்கள் சவ ஊர்வலத்தில் பாட வேண்டும். செத்தவரின் வசதிக்கேற்ப முழுப் பள்ளி, அரைப் பள்ளி, கால் பள்ளி என்று தரம் பிரித்து விலை. கோடீஸ்வரர் போனால் பள்ளிக்கூடமே பின்னால் நடக்கும். தச்சர் போனால் கால்வாசிப் பையன்கள்; மோட்சம் என்னவோ ஒன்றுதான். வசூலில் கொயர் ஆசானுக்கும் பங்கு உண்டு. அந்த ஆசானின் பெயர் யோஹன் செபாஸ்தியான் பாக்.

1730இல் பாக் தன் பழைய நண்பர் எர்ட்மனுக்கு எழுதிய கடிதம், சங்கீத வரலாற்றிலேயே மிக நேர்மையான வருமான அறிக்கை. வருஷத்துக்குச் சுமார் 700 தாலர் வருகிறது. சாவு கூடினால் அதுவும் கூடுகிறது. காற்று ஆரோக்கியமாக வீசினால் தொலைந்தேன். போன வருஷம் ஊர் நன்றாக இருந்து தொலைத்ததில் 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்கிறார். வீட்டில் வரிசையாகப் பிள்ளைகள். தெய்வீக இசைக்குப் பேர்போன மேதை, காலையில் ஜன்னலைத் திறந்து, "சே, நல்ல காற்று!" என்று சலித்துக்கொள்ளும் காட்சியை நினைத்துப் பார்த்தால் அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

சாக்கு தேடும் கலை உச்சத்துக்குப் போனது டப்ளினில். 1741இல் லண்டனில் இசையமைப்பாளர் ஹாண்டலின் கடைசி ஓபரா மூன்றே காட்சிகளில் படுத்தது. 24 நாளில் 'மெசையா' என்ற இசைப் படைப்பை எழுதி முடித்த மனிதர், அயர்லாந்தின் ராஜப் பிரதிநிதி அழைத்தாரென்று மூட்டையைக் கட்டினார். வழியில் காற்று சாதகமில்லாமல் செஸ்டர் நகரத்தில் முடக்கம். சும்மா இருப்பானேன் என்று உள்ளூர்ப் பாடகர்களைக் கூட்டி ஒத்திகை வைத்தார். ஒரு அச்சுக்கூடக்காரர் வந்தார். கொயர்ச் சம்பளத்தில் வயிறு நிறையாது என்பதால் பாடகர்களுக்கு இப்படி இன்னொரு தொழிலும் இருக்கும். அவர் பாடியது சந்தி சிரித்தது. ஹாண்டல் நாலைந்து பாஷைகளில் வைதுவிட்டு, தாளைப் பார்த்ததும் பாடுவேன் என்றாயே என்று எகிறினார். பார்த்ததும் பாடுவேன்தான் ஐயா, ஆனால் முதல் தடவை பார்த்ததும் அல்ல என்றார் அவர்.

டப்ளினில் கொயருக்குப் பஞ்சமில்லை. இரண்டு பேராலயங்கள், இரண்டு கொயர்கள். பல ஆட்கள் இரண்டிலுமே சம்பளம் வாங்கினார்கள். சிக்கல் புனித பேட்ரிக் ஆலயத்தின் தலைவரால் வந்தது. 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட்தான் அவர். வயது 74, மூளை கொஞ்சம் கொஞ்சமாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. ஃபிஷாம்பிள் தெருவில் பிடில்காரக் கும்பலோடு சேர்ந்து பாட என் கொயருக்கு நான் அனுமதியே தரவில்லை. எவனாவது அங்கே பாடினாலும், ஊதினாலும், கொட்டினாலும் துரோகத்தின் அளவைப் பார்த்துத் தண்டியுங்கள் என்று 1742 ஜனவரியில் ஒரு கடிதம் விட்டார். பிறகு மனம் இறங்கியது. இறங்கியதற்கு ஒரு நல்ல சாக்கும் இருந்தது: 'மெசையா' கச்சேரியின் வசூல் முழுக்கத் தர்மத்துக்கு. மெர்சர் மருத்துவமனை, இன்னொரு தர்ம ஆஸ்பத்திரி, கடனுக்காகச் சிறையில் கிடப்பவர்கள் என்று மூன்று பங்கு.

கடன்காரரைச் சிறையில் போடுவது அந்தக் காலத்து மதிநுட்பம். உள்ளே இருப்பவன் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காமல் கடனை அடைக்க முடியாது. அடைக்காமல் வெளியே வர முடியாது.

ஏப்ரல் 13, நண்பகல், அதே ஃபிஷாம்பிள் தெருவில் 'மெசையா' அரங்கேற்றம். டிக்கெட் அரை கினி. 600 பேர் கொள்ளும் அரங்கத்தில் 700 பேரை அடைக்கத் திட்டம். பெண்கள் பாவாடைக்குள் வளையம் கட்டி வரவேண்டாம், ஆண்கள் வாளோடு வரவேண்டாம் என்று முன்கூட்டியே விளம்பரம். ஒரு சீமாட்டியின் வளையம் ஒடுங்கினால் இன்னும் ஓர் ஆள் உட்காரலாம். தர்மத்துக்காக நாகரிகத்தையே சுருட்டி வைக்கச் சொன்ன முதல்தரப் பொருளாளர் மூளை அது.

பாடியவர்களில் ஒருவரான சுசானா சிப்பர், லண்டனில் வழக்கு நடந்து பெயர் கெட்டவர். மனைவியின் காதலரிடம் கணவர் 5,000 பவுண்டு நஷ்டஈடு கேட்க, அந்தக் காதலுக்குக் கதவைத் திறந்துவிட்டவரே அந்தக் கணவர்தான் என்று கண்டுகொண்ட நடுவர்கள் 10 பவுண்டு கொடுத்து அனுப்பினார்கள். சுசானா உருகிப் பாடியதைக் கேட்ட ஒரு பாதிரியார் எழுந்து, இந்தப் பாட்டுக்காகவே உன் பாவமெல்லாம் மன்னிக்கப்படட்டும் என்று கூவிவிட்டாராம். பாட்டுக்காக மட்டும் ஒருவர் கொடுத்த அபூர்வ நன்கொடை, அதுவும் ரொக்கமில்லை.

வசூல் சுமார் 400 பவுண்டு. சிறையிலிருந்து 142 பேர் வெளியே வந்தார்கள். ஜூன் 3இல் ஹாண்டல் தனக்கென்று இன்னொரு முறை நடத்தினார். புழுக்கத்துக்காக ஜன்னல்களில் கண்ணாடியைக் கழற்றி வைப்போம் என்று விளம்பரம் செய்தார்கள். கொயருக்கு என்ன கிடைத்தது? ஏப்ரல் கச்சேரிக்கு அவர்கள் ஒரு காசும் வாங்கவில்லை, மக்களின் கைதட்டலே போதுமென்று திருப்திப்பட்டார்கள் என்று டப்ளின் பத்திரிகை மெச்சி எழுதியது. 142 பேரின் கடன் அடைந்தது. அன்று மாலை வீடு திரும்பும் வழியில் கைதட்டலைக் காட்டி ரொட்டிக்கடையில் கடன் சொன்ன பாடகர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எந்தப் பத்திரிகையும் எண்ணவில்லை.