ஜெனரலும் இரண்டு தாடிக்காரர்களும்

1945 மார்ச். ஹிட்லர் கதை முடியப்போகிற நேரம். அமெரிக்காவின் மூன்றாம் படைத் தளபதி ஜார்ஜ் பேட்டனுக்கோ வேறொரு ஆள்மீது கோபம். வயது 23, பதவி சார்ஜென்ட், ஆயுதம் தூரிகை. பெயர் பில் மால்டின்.

'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' ராணுவத்தின் சொந்தப் பத்திரிகை. அதில் மால்டின் வரைந்த வில்லியும் ஜோவும் காலாட்படைச் சிப்பாய்கள். சிசிலியிலும் இத்தாலியிலும் சேற்றில் புரண்டவர்கள். பல நாள் தாடி, தொங்கும் கண்கள், கசங்கிய சட்டை. வில்லிக்குக் காயம் பட்டால் மருந்துக்காரனிடம், காயத்துக்கான பதக்கம் ஏற்கெனவே இருக்கிறது, ஆஸ்பிரின் இருந்தால் கொடு என்பான். இன்னொரு படத்தில் இரண்டு அதிகாரிகள் மலையழகை ரசிக்கிறார்கள். சிப்பாய்களுக்கும் இதுபோல ஒரு காட்சி ஒதுக்கியிருக்கிறதா என்று ஒருவருக்குச் சந்தேகம்.

சிப்பாய்கள் இந்தப் படங்களைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள். வரைந்தவனும் காசினோ அருகே குண்டுச் சிதறல் வாங்கியவன்தானே.

பேட்டன் வேறு ரகம். தந்தப்பிடி போட்ட கைத்துப்பாக்கி, பளபளக்கும் பூட்ஸ். அவர் எல்லைக்குள் ஹெல்மெட் போடாதவனுக்கும் டை கட்டாதவனுக்கும் அபராதம். எதிரே பீரங்கி முழங்கினால் என்ன, கழுத்துப்பட்டை நேராக இருக்க வேண்டாமா? மால்டின் விட்டாரா? ஒரு படம் வரைந்தார்: மூன்றாம் படை எல்லையில் அபராதப் பட்டியல் பலகை. ஜீப்பில் வந்த வில்லியும் ஜோவும் அதைப் படித்துவிட்டு, ஆயிரம் மைல் சுற்றிக்கொண்டு வருவதால் தாமதமாகும் என்று மேலதிகாரிக்குத் தகவல் சொல்லச் சொல்கிறார்கள்.

பேட்டனுக்குத் தலைக்கேறியது. அந்தப் பத்திரிகையைத் தன் படைக்குள்ளேயே விடமாட்டேன் என்றார். நேசப்படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவருக்கோ பத்திரிகையில் கைவைக்க விருப்பமில்லை. அவருடைய உதவியாளர் ஹாரி புட்சர், மாமியார் மருமகள் சண்டைக்குப் பஞ்சாயத்து வைக்கிற மாதிரி, லக்சம்பர்க்கில் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார்.

மால்டின் உள்ளே போனால், ஜெனரலோடு அவருடைய புல் டெரியர் நாயும் இருந்தது. நாயின் பெயரும் வில்லி! அந்த வில்லி தினமும் குளித்திருக்கும். பேட்டன் தொண்டை கிழியப் பேசினார். சிப்பாயைப் பரதேசி மாதிரி வரைகிறாய், அதிகாரியைக் கேலி செய்கிறாய், கலகம் மூட்டுகிறாயா என்பதுதான் சாரம். சார்ஜென்ட்டுக்கும் பேச வாய்ப்புக் கிடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவன் படத்தைப் பார்த்துச் சிரித்தால் கோபம் தணியும் என்றார். ஜெனரல் மசியவில்லை.

வெளியே வந்த மால்டின், தோல் உரியாமல் தப்பினேன், யாரும் யார் மனதையும் மாற்றவில்லை என்கிற பாணியில் சொல்லிவைத்தார். அது பத்திரிகையில் வர, அந்தப் பயல் இனி இந்தப் பக்கம் வந்தால் உள்ளே தள்ளுவேன் என்று பேட்டன் புட்சரிடம் கொதித்தார்.

அதே ஆண்டு மால்டினுக்குப் புலிட்சர் பரிசு. போரின் கடைசி நாளில் வில்லியையும் ஜோவையும் சாகடித்துவிட அவரே நினைத்திருந்தார். அப்படி வரைந்தால் அச்சிட மாட்டோம் என்றது பத்திரிகை. பேட்டனிடம் தப்பி, பெற்றவரிடமும் தப்பிய வில்லி ஜூனில் 'டைம்' பத்திரிகை அட்டையில் ஏறிவிட்டான்.