சட்டை மாற்றிய காலரா

கேள்வி: வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் புதிய கிருமியைக் கண்டுபிடித்ததாக அவ்வப்போது படிக்கிறோம். நம் பட்டணத்துக்கு அந்தப் பெருமை உண்டா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: பெருமை என்று தாங்களே சொல்லிவிட்டபடியால் நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் நமக்குக் காலரா அந்நியமன்று. ஆயினும் 1992 அக்டோபரில் சென்னையில் தலைகாட்டிய கிருமி, நோயாளியின் கஞ்சித்தண்ணீர் போன்ற மலத்தைப் பச்சை நிற ஊடகத்தில் தடவி வைத்தபோது சம்பிரதாயப்படி மஞ்சள் புள்ளிகளாக முளைத்தும், கண்ணாடித் துண்டின்மேல் பழைய காலராவை அடையாளம் காட்டும் 'ஓ1' சீரம் ஒரு சொட்டு விட்டபோது திரிதிரியாகத் திரண்டு தன் குலத்தை ஒப்புக்கொள்ளாமல், சம்பந்தமே இல்லாததுபோல் வெறும் கலங்கலாக நின்றுவிட்டது. அதுவரை அறிந்திருந்த 138 வகைகளில் எதனோடும் சேராமையால் 'ஓ139' என்று எண்ணிட்டார்கள். சாஸ்திரப்படி இது புதிய இனமன்று. பழைய விப்ரியோ காலராவே மேற்சட்டையை மாற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பழைய காலராவிடம் அடிபட்டு எதிர்ப்புச் சக்தி சம்பாதித்திருந்த பெரியவர்களின் உடம்புக்கு அந்தச் சட்டை பரிச்சயமில்லையாதலால், அவர்களே அதிகமாகப் படுத்தார்கள்.

வேலூர், மதுரை, கல்கத்தா என்று யாத்திரை செய்து, 1992 டிசம்பரில் அது பங்களாதேஷையும் அடைந்தது. வங்காள விரிகுடாக் கரையோரம் தோன்றியதால் சூட்டிய நாமதேயம் 'பெங்கால்'. நோய் நம்முடையது, பெயர் அவர்களுடையது. இந்த அநீதியை ஆட்சேபித்து ராயபுரத்திலிருந்து ஒரு மனுவும் போனதாகத் தெரியவில்லை.